கோரைப்பாய்க் கோடுகள்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்களிடம் வாசலிலேயே ஒன்றைச் சொல்லி வைத்துவிடுவேன். உள்ளே போனதும் என் அக்கா எழுந்து வருவாள். ஐம்பதைத் தாண்டியவள், தலை முழுக்க நரை. பேச்சு கிடையாது. இரண்டு சட்டைக் கைகளையும் தோள்வரை சுருட்டிக்கொண்டு உங்கள் முன்னால் கைகளை நீட்டுவாள். முதலில் உள்ளங்கை மேலே இருக்கும்படி, பிறகு திருப்பி. பயப்பட வேண்டாம், எதுவும் கேட்கவில்லை. பார்த்துவிட்டு "சரி" என்று சொன்னால் போதும், சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட இப்போது பழகிவிட்டார். சிலிண்டரை இறக்கி வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்ப்பார். "ஒன்னும் இல்லம்மா, க்ளீனா கீது" என்பார்.

இதை எங்கே கற்றாள் என்று கேட்கிறவர்களுக்கு நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். இளவயதுக்காரர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லி மாளாது. உங்களுக்குச் சொல்லலாம். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலத்தில், லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள் நீங்களும். கடிகாரம் பார்க்காமல் சங்குச் சத்தத்தை வைத்தே பள்ளிக்குக் கிளம்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் கருப்பாக ஒரு தூசி படியும். உதறினால் போகாது, தேய்த்தால் பரவும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. அம்மாவுக்கு மருந்துக் கம்பெனியில், பாட்டிலில் மாத்திரை நிரப்பி மூடி போடும் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அம்மாவின் விரல்களில் கசப்பு போகாது. அவள் பிசைந்து ஊட்டுகிற சோற்றில் முதல் வாய் எப்போதும் கசக்கும். இன்றைக்கு எந்த மாத்திரையை வாயில் போட்டாலும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வருகிறது.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு அன்று எங்கள் வரிசையில் நல்லதாக ஒரு பெயர்கூட இருக்கவில்லை. ஷிப்ட் சங்கு ஊதினால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். துணியைக் கிழிப்பாள். கத்த ஆரம்பித்தால் கடைசி வீட்டில் தூங்குகிற நைட் ஷிப்ட்காரர் எழுந்து வந்து நிற்பார். அவளாகவே அடங்குகிற இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து. பக்கவாட்டில் நுழைந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, உடம்பு முழுக்க இறுகும்படி நின்றுகொள்வாள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பல்லி ட்யூப்லைட்டுக்குப் பின்னால் போகிறது, அக்கா பீரோவுக்குப் பின்னால் போகிறாள், அவ்வளவுதான்.

புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், மூடிப்போன ரைஸ்மில் குடோனை வாடகைக்கு எடுத்து ஒரு சிறப்புப் பள்ளி வந்தது. அதை நடத்திய பெரிய டீச்சர் தெற்குச் சீமைக்காரர். வீடு வீடாக வந்து இப்படிப்பட்ட பிள்ளை உண்டா என்று விசாரித்தார். அதுவே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. நல்ல பிள்ளையைத் தேடி ஒருத்தரும் வராத ஊரில், இந்தப் பிள்ளைகளைத் தேடி ஒருத்தி எதற்கு வருகிறாள்? பக்கத்து வீட்டு அத்தை நாளுக்கு ஒரு காரணம் சொன்னாள். கிட்னி எடுப்பார்கள் என்றாள். போட்டோ பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள் என்றாள். பள்ளி வேனின் ஜன்னலுக்கு ஏன் திரை போட்டிருக்கிறது என்றும் கேட்டாள். வெயிலுக்குத்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா அனுப்பினாள். நம்பி அனுப்பவில்லை, வேறு வழியில்லாமல் அனுப்பினாள்.

சாயங்காலம் வேன் வந்து அக்காவை இறக்கிவிட்டதும் அம்மா அவளை ட்யூப்லைட்டுக்குக் கீழே நிறுத்துவாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கழுத்து, முதுகு, தொடை. நகக்கண்ணைக்கூட விடமாட்டாள். காயம் எதுவும் இல்லையென்றால் "சரி" என்பாள். அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு டீ.

அதே சோதனை காலையில் பள்ளி வாசலிலும் நடக்கும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. வேனிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையையும் பெரிய டீச்சர் நிறுத்தி, சட்டையைச் சுருட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். சூடு வைத்த காலோடு வந்த பிள்ளையை அவர் பார்த்திருக்கிறார். கட்டிலில் கட்டிப்போட்டு வளர்த்த பிள்ளையைப் பார்த்திருக்கிறார். அதனால் எந்த வீட்டையும் அவர் நம்பவில்லை. ஆக, காலையில் ஒருத்தி, மாலையில் ஒருத்தி. மற்றவள் என்ன செய்தாள் என்று ஒரே பிள்ளையின் உடம்பில் தேடிக்கொண்டிருந்தார்கள். அக்கா இரண்டு வாசலிலும் கையை நீட்டப் பழகிக்கொண்டாள். உலகத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டாள்.

ஆனால் அந்தப் பள்ளியில் அக்கா தேறினாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சில மாதங்களிலேயே தன் கையால் சாப்பிட்டாள். சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள். தாகம் எடுத்தால் கத்துவதற்குப் பதிலாகத் தவலையைத் தட்டினாள். முதல் தடவை தட்டியபோது அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அன்று ராத்திரியே நைனாவிடம், "இன்னா மாத்திர குடுக்கிறாங்கன்னு தெர்லயே. இப்டி அடங்கிப்போய்க் கீறாளே" என்றாள். மாத்திரைக்கு நடுவிலேயே வேலை செய்கிறவள், பாவம், சந்தோஷம்கூட அவளுக்கு அந்த வழியாகத்தான் வந்தது.

கோடுகள் தென்பட்டது கோடையில்.

அக்காவின் இரண்டு மேற்கைகளிலும் மெல்லிய சிவப்புக் கோடுகள், சீப்பால் வாரியதுபோல் பக்கம் பக்கமாக. அம்மா விரலால் தடவிப் பார்த்தாள். சுவரைத் தாண்டி பக்கத்து வீட்டு அத்தை கூப்பிடாமலேயே வந்து நின்றாள்.

"இன்னாடி இது? வெளக்குமாத்துக் குச்சியா?"

"தெர்லயேக்கா. ரெண்டு கையிலயும் கீது பாரு."

"வாய் இல்லாத கொயந்த. போய்ச் சொல்லவா போவுதுன்னு அடிச்சிக்கீறாங்க."

எனக்குப் பள்ளி விடுமுறை, அக்காவின் பள்ளிக்குக் கோடையிலும் லீவு கிடையாது. அம்மா என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "நாளைலேர்ந்து அவகூட வேன்ல நீயும் போ. கூட இருந்தா சாப்புடுறான்னு சொல்லி ஏறிக்கோ. கண்ணத் தொறந்து வெச்சிக்கினு பாரு. அவுங்க எத்தக் கேட்டாலும், ஊட்டப் பூட்டிக்கினு போறத மட்டும் சொல்லாத."

அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முதல் ஷிப்ட் என்றால் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். நைனா நைட் ஷிப்ட் முடிந்து வர நேரமாகும். நடுவில் எங்கள் இருவரையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் போவாள். அந்த வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள், நீங்களும் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தவர்களாக இருக்கலாம்.

மறுநாள் பள்ளி வாசலில் பெரிய டீச்சர் அக்காவின் முதுகைப் பார்த்தார். தோளுக்குக் கீழே நீளமாக ஒரு நீலக்கோடு இருந்தது. பீரோவின் விளிம்பு அழுத்திய கோடு. டீச்சர் என் பக்கம் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்தார். குரல் ரொம்பவும் இனிப்பாக இருந்தது, எனக்கு உடனே பயமாகிவிட்டது.

"இது எப்படி வந்துச்சு கண்ணு? பயப்படாமச் சொல்லு."

"பீரோ சந்துல போய் நின்னுக்குவா டீச்சர்."

"அவளாவா?"

"ஆமா டீச்சர். அவளாத்தான்."

"அப்படிச் சொல்லச் சொல்லி அம்மா சொன்னாங்களா?"

நான் விழித்தேன். அம்மா சொல்லாதே என்று சொன்னது வேறு. அந்த விழிப்பைப் பார்த்து டீச்சர் தலையாட்டிக்கொண்டு எழுந்தார். நான் சொன்ன முதல் உண்மை அங்கேயே செத்தது.

குடோனுக்குள் தவிட்டு வாசனை இன்னும் இருந்தது. கூரை ரொம்ப உயரத்தில், அதில் புறாக்கள். கம்பெனிகளில் கழித்துப்போட்ட நட்டும் போல்ட்டும் பிளாஸ்டிக் கூடைகளில் குவித்து வைத்திருந்தார்கள். அதுதான் பிள்ளைகளுக்குப் பாடம். பெரிய நட்டு ஒரு தட்டில், சின்ன நட்டு ஒரு தட்டில். அக்கா போல்ட்டில் நட்டை மாட்டித் திருகிக்கொண்டிருந்தாள், நாக்கை லேசாக வெளியே நீட்டியபடி. வீட்டில் துணி கிழிக்கிற அதே விரல்கள். நைனா பார்த்திருந்தால் மில்லுக்கே கூட்டிப்போயிருப்பார்.

மத்தியானம் ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அக்காவின் கை வாய்க்குப் போனது. மணிக்கட்டைக் கடிக்கப்போகிறாள் என்று நான் எழுந்தேன். அதற்குள் டீச்சர் சுவரோரம் சாய்த்திருந்த ஒரு கோரைப்பாயை எடுத்து உதறி விரித்தார். சிவப்புக் கரை போட்ட பாய், ஓரம் பிய்ந்திருந்தது. அக்கா ஓடினாள். என் கண்ணால் பார்த்தேன், யாரும் இழுக்கவில்லை. அவளாகவே ஓடிப்போய் விளிம்பில் படுத்து, கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டாள். டீச்சரும் ஆயாம்மாவும் தலை மட்டும் வெளியே தெரியும்படி அவளைப் பாயோடு இறுக்கமாக உருட்டினார்கள். உருட்டியபின் கையால் மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

அக்காவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கண்கள் பாதி மூடி, உதடு பிரிந்து, நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். லாரி இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பாயைப் பிரித்ததும் எழுந்துபோய் விட்ட இடத்திலிருந்து நட்டைத் திருக ஆரம்பித்தாள். அவள் கையில் கோரையின் அச்சு, கோடு கோடாக.

வேன் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு தடவை உருட்டினார்கள். லாரிகளுக்கு நடுவில் போகிற அந்தப் பயணத்துக்காக. நான் எனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஆயாம்மா சிரித்துக்கொண்டே என்னையும் உருட்டினாள். உள்ளே ஒரே வெக்கை. கோரை வாசனை. என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. எழுந்து பார்த்தால் என் கைகளிலும் அதே கோடுகள்.

வேனில் வரும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. துப்பறிந்துவிட்டேன், கையிலேயே சாட்சியும் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவுக்கு முன்னால் நான் கையை நீட்டினேன்.

"உன்னையுமா?" என்றாள் அம்மா.

"அடிக்கலம்மா. பாயில வெச்சிச் சுத்துறாங்க. ஜாலியாக் கீதும்மா."

அம்மா என் கைகளை இறுகப் பிடித்தாள்.

அதற்கு முந்தின வருடம் நைனாவின் மில்லில் ஒருவர் சூட்டுக் கம்பி பாய்ந்து இறந்துபோனார். எங்கள் வரிசையின் மூன்றாம் வீட்டுக்காரர். அவரைக் கோரைப்பாயில் சுருட்டித்தான் டெம்போவிலிருந்து இறக்கினார்கள். அம்மாதான் அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உயிரோடு இருக்கிற மனுஷரைப் பாயில் சுருட்டுவது எங்கள் பக்கத்தில் கனவிலும் கிடையாது. தூங்குகிற குழந்தை தானாக உருண்டு பாயைச் சுற்றிக்கொண்டால்கூடத் தட்டி எழுப்புவார்கள். அடித்திருந்தால் அம்மா ஒருவேளை பொறுத்திருப்பாள்.

"பொணத்தத்தான்டி பாயில சுத்துவாங்க" என்றாள். என் கைகளைத் தன் முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். கோடு போய்விட்டது. துடைத்ததால் போனதாகத்தான் அவள் நினைத்திருப்பாள்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. அவளும் நைனாவும் பக்கத்து வீட்டு அத்தையும் அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். குடோன் வாசலில் அம்மா எடுத்த எடுப்பில் கத்தினாள்.

"எம்பொண்ணு இன்னா செத்தா பூட்டா? பாயில சுத்துறியே!"

"அம்மா, அது ஒரு பயிற்சிம்மா. உடம்பு இறுக்கமா இருந்தா அவளுக்கு மனசு அமைதியாகுது."

"அப்ப ஏன் எங்கைல சொல்லல?"

டீச்சர் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் இப்போதும் பார்க்கிறேன். ஒரு நல்ல பொய் சொல்லியிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். அவருக்குப் பொய் வரவில்லை.

"சொன்னா நீங்களும் வீட்டுல சுருட்டிப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவீங்களோன்னு பயந்தேன். அவ முதுகுல கோடு எப்படிம்மா வந்துச்சு? காலையில வீட்டுல யாரு இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை என்பதை எந்த சத்தியத்தாலும் அவளை நம்பவைக்க முடிந்திருக்காது. நைனா எல்லாரையும் சமாதானப்படுத்துகிற குரலில், "சரி வா, இன்னாத்துக்கு பேஜாரு. நம்ம கொயந்த நம்ம ஊட்லயே இருக்கட்டும்" என்றார். அதற்குள் உள்ளே ஓடிப்போய் நட்டுக் கூடையருகே உட்கார்ந்திருந்த அக்காவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் கையில் ஒரு போல்ட் இருந்தது. வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

அதன்பிறகு வந்த நாட்களை நினைக்க எனக்கு இன்றும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. அக்கா தட்டை மறந்தாள். தவலையை மறந்தாள். மணிக்கட்டில் பழைய புண் மறுபடியும் திறந்தது. வரிசைக்காரர்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் போய்ச் சொன்னார்கள். அம்மா பகல் ஷிப்டை விட்டு ராத்திரிக்கு மாறி, தூக்கம் இல்லாமல் சுவரில் சாய்ந்தபடியே சோறு வடித்தாள்.

ஆடியில் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு போனோம். அக்காவுக்கு வேப்பஞ்சேலை. கோயிலுக்குப் பக்கத்தில் அதைக் கட்டிவிடுவதற்கென்றே இருக்கும் பெண்களில் ஒருத்தி, கொத்துக் கொத்தாக வேப்பிலையை வைத்து, இடுப்பிலும் மார்பிலும் கயிற்றால் இழுத்து இழுத்து இறுக்கினாள். சுற்றிலும் பம்பைச் சத்தம், கூட்டம், புகை. அக்கா இப்போது கத்தப்போகிறாள் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் கத்தவில்லை. கண்கள் பாதி மூடின, உதடு பிரிந்தது. அதே முகம். அந்த இரைச்சலுக்குள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நடந்து கோயிலைச் சுற்றி வந்தாள்.

"ஆத்தா எறங்கிட்டா" என்று அம்மா அழுதாள்.

"பாயில சுத்துனா கூட இப்டித்தாம்மா இருந்தா" என்றேன்.

அம்மா அடிக்கவில்லை. மறுநாள் காலையில் தன் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்தாள். அக்காவை நிற்கவைத்து, தோளிலிருந்து முழங்கால்வரை இறுக்கிச் சுற்றி, இடுப்பில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினாள். சங்கு ஊதியது. அக்கா கையைக் கடிக்கவில்லை. அம்மா செய்தது அம்மனை நம்பியா, என்னை நம்பியா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் அதையும் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அக்காவின் நசுங்கிய டிபன் பாக்ஸ், கடைசி நாள் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தது. மறுபடியும் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறார். "ஏம்மா, பழச மனசுல வெச்சுக்காம..." என்று ஆரம்பித்தவர், உள்ளே பார்த்தார். கழுத்துக்குக் கீழே சேலையால் சுற்றப்பட்டு அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"கட்டி வெச்சிருக்கீங்களா?" என்றார் டீச்சர். குரலே மாறிவிட்டது. "நான் பயந்தது சரியாத்தான் போச்சு."

"நீ பாயில சுத்தலாம், நானு பொடவையில சுத்தக் கூடாதா? நானு பெத்தவ!"

"நான் பக்கத்துலயே இருந்து சுத்துறேன்மா. நீங்க சுத்திட்டு எங்க போறீங்க?"

"எங்கயும் போல. பார்த்தாத் தெர்ல? நின்னுக்கினுதான கீறேன்!"

சத்தம் கேட்டு அக்கா திரும்பினாள். வாசலில் டீச்சர். உடனே நெளிந்து நெளிந்து, சேலைக்குள்ளிருந்து ஒரு கையை உருவினாள், பிறகு இன்னொன்றை. சட்டைக் கையைத் தானே சுருட்டிக்கொண்டு நீட்டினாள். டீச்சர் குனிந்து பார்த்தார். விடுவாளா அம்மா, அவளும் குனிந்தாள். இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் தூரத்தில். சேலை மடிப்பு அழுத்தி, பாயில் விழுந்ததைப் போலவே கோடுகள் விழுந்திருந்தன. இருவரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி முறைத்தார்கள். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான் என்று அந்தக் கை அவ்வளவு பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

யாரும் "சரி" என்று சொல்லவில்லை. டீச்சர் டிபன் பாக்ஸைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அக்கா கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

அந்தப் பள்ளி பிறகு எங்கேயோ மாறிப்போனது. குடோன் இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பல வருடங்கள் கழித்து அக்காவைச் சென்னைக்குக் கூட்டிப்போனபோது ஒரு இளம் டாக்டர், இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு உடம்பில் அழுத்தம் இருந்தால் மனம் அடங்கும் என்று பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப அந்தப் பொம்பள சரியாத்தான் செஞ்சாளா?"

"ஆமாம்மா."

கொஞ்சம் அரிசி பொறுக்கினாள். "அப்புறம் ஏன் மறைச்சா?" என்றாள்.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் உண்டு, இன்றும் உண்டு. அக்கா போல்ட் திருகிய விரல்களை வைத்துக்கொண்டு தேர்வாய் கண்டிகைக் கம்பெனிகளில் எத்தனையோ வேலை பார்த்திருக்கலாம் என்று தோன்றும்போதெல்லாம் வரும். ஆனால் பிள்ளையின் உடம்பைத் தினமும் அப்படி உற்றுப் பார்த்த இரண்டு பெண்கள் எனக்கு வாய்க்கவில்லை. நான் எத்தனையோ நாள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்திருக்கிறேன், யாரும் கவனித்ததில்லை.

போன மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கிட்டத்தட்ட நினைவில்லாமல் இருந்தாள். என் வீட்டுக்காரரும் ஆட்டோக்காரரும் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அக்கா எழுந்து வந்தாள். வழக்கம்போல் சட்டையைச் சுருட்டி அம்மாவுக்கு முன்னால் கைகளை நீட்டினாள். அம்மா கண் திறக்கவில்லை. நான் "சரிக்கா" என்றேன். அவள் என்னைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

தன் சட்டையை இறக்கிவிட்டாள். குனிந்து அம்மாவின் நைட்டிக் கையைப் பிடித்து மெதுவாகத் தோள்வரை சுருட்டினாள். உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தாள். பிறகு திருப்பினாள். ட்ரிப்ஸ் ஏற்றிய இடமெல்லாம் நீலமும் கருப்புமாகக் கன்றியிருந்தது. அதன்மேல் ஒரு விரலை வைத்துத் தடவினாள்.

தலையை நிமிர்த்தினாள். ஆட்டோக்காரரைப் பார்த்தாள். என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். கடைசியில் என்னை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நான் பார்த்துப் பார்த்து வளர்ந்த அம்மாவின் பார்வை.

"ஊசி போட்டதுக்கா. ஆஸ்பத்திரில" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

நம்பவில்லை. ஸ்டூலை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பொழுது சாய்கிறவரை யாரையும் கிட்டே விடவில்லை. நான் கஞ்சி கொண்டுபோனேன். டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முகர்ந்தாள். தான் ஒரு வாய் குடித்து, கசக்கிறதா என்று நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அம்மாவின் உதட்டருகே கொண்டுபோனாள்.